மேற்பார்வையாளரின் தனிப்பொறுப்பு: எந்திரத்துக்கு ஒரு சட்டம், மனிதருக்கு ஒரு சட்டம்

பணியிடத்தில் ஒரு தீங்கு நேரும்போது, அதற்குச் சட்டத்தின் முன் விடை சொல்ல வேண்டியவர்களாக மூன்று தரப்பினரைக் காட்ட முடியும்: தீங்கை நேரடியாகச் செய்தவர், அவருக்கு மேலிருந்து அதைச் செய்வித்தவர் அல்லது செய்யவிட்டவர், இருவருக்கும் ஊதியம் கொடுக்கும் நிறுவனம். இழப்பீட்டை மையமாகக் கொண்ட உரிமையியல் சட்டம் நெடுங்காலமாக நிறுவனத்தையே தேடிச் சென்றிருக்கிறது. பணியாள் தன் பணியின் போக்கில் இழைக்கும் தீங்குக்கு அவரை அமர்த்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் சார்புப் பொறுப்புக் கோட்பாட்டின் பின்னால், பணம் இருக்கும் இடத்தில்தான் ஈடும் கிடைக்கும் என்ற நடைமுறை அறிவு இருக்கிறது. குற்றவியல் சட்டமோ கை நீட்டியவரையே பிடிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் மேற்பார்வையாளர், தொழிலாளியின் வேலை நேரத்தையும் விடுப்பையும் மிகைநேரப் பணியையும் அன்றாடம் தீர்மானிப்பவராக இருந்தும், சட்டத்தின் கண்ணுக்கு மங்கலாகவே தெரிகிறார். இந்தியச் சட்டம் அவரை இரண்டு வாயில்கள் வழியாக அணுகியிருக்கிறது. எந்திரத்தால் வரும் ஆபத்தைப் பொறுத்தவரை, யார் பொறுப்பு என்பதை அது விபத்துக்கு முன்பே ஒரு பெயரின் மீது எழுதி வைக்கிறது. மனிதரால் வரும் துன்புறுத்தலைப் பொறுத்தவரை, தீங்கு நடந்து முடிந்த பிறகே பெயரைத் தேடத் தொடங்குகிறது.

முதல் வாயில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் திறந்தது. ஆலை வட்டாரங்களில் 'ஆக்குபையர்' என்றே வழங்கப்படும் நபர், அதாவது ஆலையின் அலுவல்கள் மீது இறுதிக் கட்டுப்பாடு உடையவர், ஆலையைத் தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே தம் பெயரையும் முகவரியையும் மேலாளரின் பெயரையும் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு விதித்தது. மேலாளர் பதவி காலியாக இருக்கும் நாட்களில் யார் மேலாளராகச் செயல்படுகிறாரோ அவரே சட்டத்தின் முன் மேலாளர். அப்படி எவரும் இல்லையென்றால் ஆக்குபையரே மேலாளர் என்றும் அதே பிரிவு சொன்னது. நாற்காலி காலியாக இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாதபடி வரையப்பட்ட ஏற்பாடு இது. விதிமீறல் நடந்தால் ஆக்குபையர், மேலாளர் ஆகிய இருவருமே தனித்தனியாகக் குற்றவாளிகள் என்றும், 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றும் 92ஆம் பிரிவு கூறியது. அவர்களுக்குக் குற்ற மனம் இருந்ததா என்பதைப் பொதுவாக அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் 'இறுதிக் கட்டுப்பாடு' யாரிடம் இருக்கிறது என்பதை நிறுவனமே தன் வசதிக்கேற்ப முடிவு செய்துகொள்ள இடமிருந்தது. பெரிய நிறுவனங்கள் ஏதேனும் ஓர் அதிகாரியை ஆக்குபையராக நியமித்துவிட்டு, இயக்குநர்களை வழக்குகளின் எல்லைக்கு வெளியே வைத்துக்கொண்டன. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த பிறகு கொண்டுவரப்பட்ட 1987ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வழியை அடைத்தது: ஆலை ஒரு கம்பெனிக்கு உரியதானால் அதன் இயக்குநர்களில் ஒருவரே ஆக்குபையராகக் கருதப்படுவார் என்று அது விதித்தது. அதை எதிர்த்து நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளில், ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கு என்று அறியப்படும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றும், இயக்குநர் அல்லாத ஊழியர் எவரையும் கம்பெனி தன் ஆக்குபையராக நியமிக்க முடியாது என்றும் உறுதிப்படுத்தியது. ஆலையின் லாபத்தைப் பங்கிடும் மேசையில் அமர்பவர் ஒருவரது பெயராவது குற்றப்பத்திரிகையில் இருக்க வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

பொறுப்பை மேலே ஏற்றிய அதே சட்டம் அதைக் கீழே இறக்கும் ஏணி ஒன்றையும் 101ஆம் பிரிவில் வைத்திருந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஆக்குபையரோ மேலாளரோ, தாம் உரிய விழிப்புடன் நடந்துகொண்டதையும், தமக்குத் தெரியாமலும் தம் இசைவோ உடந்தையோ இல்லாமலும் வேறொருவர் அதைச் செய்தார் என்பதையும் மெய்ப்பித்து, அந்த வேறொருவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தினால் தாம் விடுபட முடிந்தது. கோட்பாட்டளவில் இது நியாயமானது; செய்யாத குற்றத்துக்கு எவரும் சிறை செல்லக் கூடாது. ஆனால் பாதுகாப்புக் கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் அதிகாரம் ஒருவரிடமும், அந்தக் கருவி இல்லாமலேயே அன்றைய உற்பத்தியை முடிக்க வேண்டிய கட்டாயம் இன்னொருவரிடமும் இருக்கும் ஆலையில், 'உண்மையான குற்றவாளி' என்று சுட்டப்படக்கூடியவர் பெரும்பாலும் இரண்டாமவராகவே இருப்பார். விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது: உரிமையாளர், குத்தகைதாரர், மேலாளர், போர்மேன் என நால்வர் மீது வழக்குப் பதிவாகும்; முதலில் கைதாகிறவர் பெரும்பாலும் போர்மேன். மருந்துக் கலவை அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பை மீறி ஆட்களை உட்காரவைத்தவர் அவர்தான் என்பது மெய்; அத்தனை பேரை வைத்து வேலை வாங்கினால்தான் எட்டக்கூடிய உற்பத்தி அளவை அவருக்கு விதித்தவர் யார் என்ற கேள்வி விசாரணையில் அரிதாகவே எழுகிறது. 2012 செப்டம்பரில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்து, உரிமம் ஒருவரிடமும் உற்பத்தி வேறு பலரிடமுமாக உள்குத்தகைக்கு விடப்படும் முறையை நாடறியச் செய்தது. உள்குத்தகை என்பது பொறுப்பையும் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விடும் முறைதான்.

போபால் வழக்கு இந்தச் சிக்கலின் மறுமுனையைக் காட்டுகிறது. அங்கே நிறுவனத் தலைவர் முதல் உற்பத்தி உதவியாளர் வரை ஒரு படிநிலை முழுவதுமே குற்றவாளிக் கூண்டில் நின்றது. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்த கொலையாகாத மரணம் என்ற, 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றச்சாட்டே முதலில் அவர்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. கேசுப் மகிந்திரா வழக்கில் 1996 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற, அதிகபட்சம் 2 ஆண்டு சிறைக்குரிய 304ஏ பிரிவாகக் குறைத்தது. 2010 ஜூன் 7 அன்று போபால் தலைமைக் குற்றவியல் நடுவர் உயிரோடிருந்த 7 இந்திய அதிகாரிகளுக்கு 2 ஆண்டு சிறை விதித்தார். அன்றே அவர்களுக்குப் பிணையும் கிடைத்தது. பெரிய குற்றச்சாட்டை மீட்கக் கோரி மத்தியப் புலனாய்வுத் துறை தாக்கல் செய்த குறைதீர் (கியூரேட்டிவ்) மனுவை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் தள்ளுபடி செய்தது. தனிநபர் ஒவ்வொருவரும் என்ன அறிந்திருந்தார் என்று தனித்தனியே கேட்கும்போது, அறிவு பல மேசைகளில் சிதறிக் கிடக்கும் நிறுவனத்தில் எவரிடமும் கொலைக்கு நெருங்கிய அறிவு முழுமையாக இருப்பதில்லை. நிறுத்திவைக்கப்பட்ட குளிர்பதனக் கருவி ஒருவருக்குத் தெரியும், ஆட்குறைப்பு இன்னொருவருக்குத் தெரியும், செலவுச் சிக்கனம் மூன்றாமவரின் உத்தரவு. 2015இல் சுனில் பாரதி மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் மறுபக்கத்தையும் தெளிவாக்கியது: இயக்குநரின் மனத்தை நிறுவனத்தின் மனமாகக் கொள்ளலாமே தவிர, நிறுவனத்தின் குற்றத்தை, தனிப்பட்ட பங்கு காட்டப்படாமலும் சட்டம் வெளிப்படையாக விதிக்காமலும், இயக்குநரின் குற்றமாகத் தலைகீழாக்கிக் கொள்ள முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பு, தொழிற்சாலைகள் சட்டத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. பொதுவான விதிமீறலுக்கு இதில் சிறை இல்லை. 2 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை மட்டுமே. மரணம் விளைந்தால் 2 ஆண்டு வரை சிறையோ 5 லட்சத்துக்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ உண்டு. அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்கு வழங்கும்படி நீதிமன்றம் பணிக்கலாம். வாரிசுக்குப் பணம் சேர்வது வரவேற்கத்தக்கதே. ஆயினும் விபத்துக்கு முன் நிகழும் பொதுவான மீறல்களின் விலை இப்போது பணமாகிவிட்டது. அந்தப் பணத்தைக் கட்டுவது யாருடைய பெயரில் இருந்தாலும் யாருடைய கணக்கிலிருந்து போகும் என்பதை எந்தக் கணக்காளரும் சொல்லிவிடுவார்.

மேற்பார்வையாளரின் சொந்த நிலையையும் இங்கே கவனிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், மேற்பார்வைப் பணியில் இருந்துகொண்டு குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஊதியம் பெறுபவரைத் 'தொழிலாளர்' என்ற வரையறையிலிருந்து விலக்கியது. அந்த வரம்பு பல ஆண்டுகள் மாதம் 1,600 ரூபாயாக இருந்து, 2010இல் 10,000 ஆக உயர்ந்து, புதிய தொழில் உறவுத் தொகுப்பில் 18,000 ஆகியிருக்கிறது. இதன் விளைவாக, வரம்பைக் கடந்த லைன் சூப்பர்வைசர் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிராகத் தொழில் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட முடியாது. சட்டவிரோதமான உத்தரவை மறுத்தால் வேலை போகும், நிறைவேற்றினால் வழக்கு வரும் என்ற நிலையில் நிறுத்தப்பட்டிருப்பவரிடம் தனிப்பொறுப்பைக் கேட்கும் சட்டம், மறுப்பதற்கான பாதுகாப்பை அவருக்குக் கொடுத்ததா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இரண்டாவது வாயிலில் மேற்பார்வையாளர் தாமே தீங்கு செய்பவராக வருகிறார். 1988 ஆகஸ்டில், ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத் தலைவரின் தனிச்செயலர் ஒருவர், தமக்குக் கீழ் நிலையில் இருந்த தட்டச்சுப் பணியாளரை டெல்லி ஓட்டல் ஒன்றுக்கு அலுவலக வேலை என்று அழைத்துச் சென்று அவரிடம் தகாத முறையில் நடந்துகொள்ள முயன்றதாகப் புகார் எழுந்தது. துறை விசாரணையில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் உடல் தொடுகை உண்மையில் நிகழவில்லை, முயற்சி மட்டுமே நடந்தது என்று காரணம் காட்டி டெல்லி உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தச் சொன்னது. 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மேலதிகாரியின் இத்தகைய நடத்தை, தொடுகை நிகழ்ந்ததா இல்லையா என்ற அளவுகோலால் அளக்கத்தக்கதல்ல என்று பணிநீக்கத்தை நிலைநாட்டியது. இந்த ஏ.கே. சோப்ரா வழக்கு, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி 1997 ஆகஸ்டில் வெளிவந்த விசாகா தீர்ப்பின் நெறிமுறைகள் உச்ச நீதிமன்றத்தால் நேரடியாகப் பயன்படுத்தப்பட்ட முதல் பெரிய வழக்காகும். இங்கே தண்டித்தது நிறுவனம். நீதிமன்றம் அந்தத் தண்டனையைக் காப்பாற்றியது. நிறுவனமே முன்வராதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அன்றைய சட்டத்தில் தெளிவான விடை இல்லை.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அந்த விடையைத் தர முயன்றது. அதன் வரையறைப் பிரிவு, பணியிடத்தின் 'நிர்வாகம், மேற்பார்வை, கட்டுப்பாடு' ஆகியவற்றுக்குப் பொறுப்பான எவரும் வேலையளிப்பவர் என்ற சொல்லில் அடங்குவர் என்று கூறுவது அதிகம் கவனிக்கப்படாத ஒரு சிறப்பு. உரிமையாளர் மட்டுமே என்று சுருக்கிவிடாமல், கட்டுப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே பொறுப்பை வைக்கும் மொழி அது. துன்புறுத்தலைப் பற்றிய 3ஆம் பிரிவும், வேலையில் சலுகை தருவதாக ஆசை காட்டுவது, வேலைக்கு ஊறு வரும் என்று மிரட்டுவது ஆகியவற்றைத் தனியே குறிப்பிடுகிறது. இவையெல்லாம் மேலே இருப்பவரால் மட்டுமே செய்யக்கூடியவை. எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது 13, 15ஆம் பிரிவுகளின் ஏற்பாடு. 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடங்களில் அமைக்கப்பட வேண்டிய உள்ளகக் குழு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால், எதிர்மனுதாரரின் ஊதியத்திலிருந்தே ஈட்டுத்தொகையைப் பிடித்துப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கப் பரிந்துரைக்கலாம். பிடிக்க முடியாதபோது அவர் தாமே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் நிலவரிப் பாக்கியைப் போல அதை வசூலிக்கலாம். தொகையைக் கணிக்கும்போது பாதிக்கப்பட்டவரின் மனவேதனை, இழந்த வாய்ப்பு, மருத்துவச் செலவு ஆகியவற்றோடு எதிர்மனுதாரரின் வருமானமும் கணக்கில் கொள்ளப்படும். சார்புப் பொறுப்புக் கோட்பாட்டை மீறி, துன்புறுத்தியவரின் சட்டைப் பையிலேயே சட்டம் கை வைக்கும் அரிய இடம் இது.

இவ்வளவும் ஒரு குழுவின் மீது நிற்கிறது என்பதுதான் இதன் பலவீனம். குழுவின் தலைவரும் பெரும்பாலான உறுப்பினர்களும் அதே நிர்வாகத்தின் கீழ் வேலை செய்பவர்கள். வெளி உறுப்பினர் ஒருவரே. குழு அமைக்காத வேலையளிப்பவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்கிறது 26ஆம் பிரிவு. அந்த வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்குப் பாதிக்கப்பட்ட பெண்ணோ, உள்ளகக் குழு அல்லது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு அதிகாரமளித்த ஒருவரோ முறையிட வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. அமைக்கப்படாத குழுவின் அதிகாரமளிப்பைப் பெற முடியாது. எஞ்சுவது ஏற்கெனவே அச்சத்தில் இருக்கும் பெண்ணும், பல மாவட்டங்களில் பெயரளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவும்தான். சட்டம் வந்து பத்தாண்டுகள் ஆகியும் நடைமுறையில் பெரும் ஓட்டைகள் இருப்பதை 2023 மே மாதத்தில் அவுரேலியானோ பெர்னாண்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே வருத்தத்தோடு பதிவு செய்தது.

வேறொரு வழியை அமெரிக்காவில் காணலாம். பணியிடப் பாகுபாட்டைத் தடை செய்யும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி, வேலையளிப்பவரோடு அவரது 'முகவரையும்' வரையறையில் சேர்த்திருந்தும், 1993ஆம் ஆண்டின் மில்லர் வழக்கு முதலாகக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மேற்பார்வையாளர் மீது தனிப்பட்ட பொறுப்பு இல்லை என்றே கூறிவந்துள்ளன. 15 பேருக்குக் குறைவான நிறுவனங்களையே விலக்கிய சட்டமன்றம் ஒரு தனிமனிதரைச் சுமையேற்ற நினைத்திருக்காது என்பது அவற்றின் வாதம். 2013இல் வான்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் பொறுப்பைக் கணிக்கும் நோக்கத்துக்காக, நியமனம், பணிநீக்கம், பதவி உயர்வு போன்ற முடிவுகளை எடுக்கும் அதிகாரம் உள்ளவரே மேற்பார்வையாளர் என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் குறுக்கியது. அன்றாட வேலையை ஏவுபவர் அந்தச் சொல்லுக்கு வெளியே போனார். கலிபோர்னியா மாநிலமோ, துன்புறுத்தலுக்கு மேற்பார்வையாளர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார் எனவும் பாகுபாட்டுக்கு ஆக மாட்டார் எனவும் ஒரு கோடு கிழித்தது. இதற்கு 1998ஆம் ஆண்டின் ரெனோ வழக்கில் சொல்லப்பட்ட காரணம், பணியிடம் ஒதுக்குவதும் ஊதியம் நிர்ணயிப்பதும் பணி சார்ந்த முடிவுகள், துன்புறுத்தலோ பணிக்குத் தேவையற்ற சொந்த நடத்தை என்பதாகும்.

இந்தக் கோடு இந்தியர்களைத் தொட்ட வழக்கு ஒன்று உண்டு. 2020இல் கலிபோர்னிய அரசுத் துறை, சிஸ்கோ நிறுவனத்தில் பணியாற்றிய தலித் பொறியாளர் ஒருவர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டார் என்று கூறி, நிறுவனத்தோடு இந்திய வம்சாவளி மேற்பார்வையாளர் இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர்த்து வழக்குத் தொடுத்தது. 2023 ஏப்ரலில் அத்துறை மேற்பார்வையாளர் இருவர் மீதான வழக்கைத் தானே விலக்கிக்கொண்டு, நிறுவனத்தின் மீதானதை மட்டும் தொடர்ந்தது. சாதிப் புறக்கணிப்பு பெரும்பாலும் வசைச் சொல்லாக வெளிப்படுவதில்லை. கூட்டத்துக்கு அழைக்காமை, பொறுப்பைப் பறித்தல், குழுவிலிருந்து தனிமைப்படுத்தல் எனப் பணி சார்ந்த முடிவுகளின் உருவில்தான் அது வருகிறது. சொந்த நடத்தை, அலுவல் முடிவு என்ற பிரிவினை காகிதத்தில் தெளிவாக இருந்தாலும், அதிகாரத்தைத் துன்புறுத்தலின் கருவியாக்கும் மேற்பார்வையாளரின் முன் அது தடுமாறுகிறது.

ஆயத்த ஆடை ஆலைகளில் இது இன்னும் வெளிப்படை. மணிக்கு எத்தனை உருப்படி என்ற இலக்கு, கழிப்பறைக்குப் போக அனுமதி, மிகைநேரப் பட்டியல், தையல் வரிசை மாற்றம் ஆகிய எல்லாமே லைன் சூப்பர்வைசரின் கையில் இருக்கின்றன. இணங்காத பெண்ணுக்குக் கிடைக்கும் தண்டனை பெரும்பாலும் எட்ட முடியாத இலக்காகவே வருகிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டு, அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்ட பின்பு, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அடித்தள ஊதியக் கூட்டணி, குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகியவை அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 2022 ஏப்ரலில் செய்துகொண்டது திண்டுக்கல் ஒப்பந்தம். எச்&எம், கேப், பிவிஎச் ஆகிய வாங்குநர்களும் தம் பங்குக்குக் கட்டுப்பட்டனர்; ஆலை உடன்பாட்டை மீறினால் வாங்குநர் வணிக ரீதியான நடவடிக்கை எடுக்க வேண்டும். தையல் தளத்திலேயே சங்கம் தேர்ந்து பயிற்றுவித்த கண்காணிப்பாளர்கள் இருப்பார்கள் என்பதும், பாலியல் துன்புறுத்தலோடு சாதியின் பெயரால் நடப்பதும் அதன் வரம்பில் அடங்கும் என்பதும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தாண்டியவை. தனிநபரைத் தண்டிக்கும் அதிகாரம் இதிலும் நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ஆனால் தண்டிக்காமல் இருந்துவிடுவதன் விலை ஆர்டர் இழப்பாக மாறியிருக்கிறது.

அத்தகைய ஒப்பந்தம் இல்லாத ஆலைகளில், பாலியல் சாயல் இல்லாத துன்புறுத்தலுக்கென்று சட்டப்படியான தனிக்குழு ஏதும் இல்லை. சாதி சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாக, அது 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நடந்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில், திருச்சி மாவட்டத்து வருவாய்த் துறை அலுவலகம் ஒன்றில் பணியில் இருந்த அலுவலர் சாதிப் பெயரால் திட்டப்பட்டதாக எழுந்த கருப்புடையார் வழக்கில், சம்பவம் அலுவலக அறையின் நான்கு சுவர்களுக்குள் நடந்தது, சக ஊழியர்கள் அதன் பிறகே வந்தார்கள் என்று கூறி உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அங்கே திட்டியதாகக் கூறப்பட்டவர் வெளியிலிருந்து மனு தொடர்பாக வந்தவர். அதே சொற்களை மூடிய அறையில் மேலதிகாரி சொன்னால், கேட்டவர் அவர் மீது இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாமல் போகும் வாய்ப்பே அதிகம். பணியுலகில் எல்லா வகை வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவரும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் நிறைவேறி 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்புறுதி செய்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. 2025இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொகுப்புகளும் சாதி வசைக்கோ இலக்கின் பெயரால் நடக்கும் வதைக்கோ மேற்பார்வையாளரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கும் விதி எதையும் சேர்க்கவில்லை.